முதலில் நின்ற இடம்

குன்னூர் நகராட்சி, மாடி,
பிறப்பு இறப்புப் பிரிவு.
மூன்று மணிக்கே மேகம் உள்ளே வந்து
கோப்புகளின் மேல் உட்காரும்.
ஈரத்தில் முத்திரை மை பரவி
ஆணையரின் கையெழுத்து வரை போய்விடுகிறது.

வருட அறிக்கை கேட்டிருக்கிறார்கள்.
பிறப்பு நூற்று எண்பத்து மூன்று.
இறப்பு நானூற்று ஆறு.
பிறப்பு குறைந்தமைக்கான காரணம் என்று ஒரு கட்டம்,
இரண்டு வரிக்கு இடம்.

இரண்டு வரி எனக்குத் தெரியும்.
ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே
மேட்டுப்பாளையம், இல்லையென்றால் கோவை.
அங்கே பிறந்தது அங்கேயே பதிவாகிறது.
பத்தாம் நாள் கம்பளியில் சுற்றி
கரும்பாலத்துக்கு ஏறி வந்தாலும்
என் ஏட்டில் அது இல்லை.

சாகிறவர்கள் ஏறித்தான் வருகிறார்கள்.
இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றதும்
ஆக்சிஜன் உருளையோடு வாடகை வேனில்,
வளைவுக்கு வளைவு காது அடைத்து.
ஜனவரியில் மட்டும் அறுபத்தொன்று.
உறைபனியில் கொழுந்து கருகிய அதே வாரம்.

படிவத்தில் ஒரு கேள்வி:
வெற்றிலை பாக்குப் பழக்கம், எத்தனை ஆண்டுகள்?
முத்துராக்குவின் மகன் விரல் மடக்கினான்.
"கப்பல்ல வந்து எறங்கயிலயே
வாயில வெத்தல இருந்துச்சாம் மேடம்.
தலைமன்னார்லயே போட்டதாம்."
நான் ஐம்பத்தாறு என்று போட்டேன்.
அவன் எட்டிப் பார்த்து
"கூடவே போடுங்க" என்றான்.

டிசம்பர் பதினொன்று.
சுகந்தமலர், இருபத்து நான்கு, இரண்டாம் பிரசவம்.
நூற்றெட்டு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது.
பர்லியாருக்கு மேலே மண் சரிந்து கிடக்க,
வண்டிக்குள்ளேயே பெண் குழந்தை,
மூன்று நாற்பதுக்கு.

ஓடும் வண்டியில் பிறந்தால்
வண்டி முதலில் நின்ற இடம்தான் பிறந்த இடம்.
சட்டம் அப்படி.
பர்லியார் என் எல்லையில் இல்லை.

ஓட்டுநர் ஹாலனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"எங்கய்யா நின்னீங்க?"
"நிக்கலீங்க. திருப்பி நேரா
லாலி ஆஸ்பத்திரிக்கே ஏத்திட்டேன்."
"அந்த ரோட்டுல திருப்புறப்ப
ஒரு நொடியாவது நின்னிருக்குமே?"
காதைச் சொறிந்தார்.
"ரிவர்ஸ்ல இருந்தேங்க.
அதை நின்னதுன்னு சொல்ல முடியாது."

உறைகூட இல்லாத பேனாவை
இரண்டு முறை உதறினேன்.
பிறந்த இடம்: குன்னூர்.
பெயர்: காலி. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.
மூன்றை அடித்து நான்காக்கி
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

ஐந்தரைக்குள் அனுப்ப வேண்டும்.
பொறியியல் பிரிவு கீழே ஜேசிபிக்காக
யாரிடமோ கத்திக்கொண்டிருந்தது.
காரணக் கட்டத்தில்,
இரண்டு வரி தேவைப்படவில்லை,
சாலை வசதி மேம்பட்டுள்ளது
என்று எழுதி அனுப்பினேன்.