தேவாங்குக்கு ராக்கெட் எதற்கு

இந்திராநகர், மூன்றாவது மாடி, கண்ணாடி அறை.
நாயகன் தேவாங்கு என்று முடிவாகிப்
பதினோரு நாள் ஆகிறது.
மேசைமேல் படம்:
தோளில் இரண்டு ராக்கெட், இடுப்பில் லேசர் வாள்,
யாரிடமோ கடன் வாங்கிய சிங்கத்தின் மார்பு.
"குரல் இடி மாதிரி இறங்கணும்" என்கிறார் பெள்ளியப்பா.
இடிக்குரல்காரர்கள் நான்கு பேர்
வெளியே சோபாவில் வெந்நீர் குடிக்கிறார்கள்.

சார், தேவாங்கைப் பார்த்ததுண்டா?

ஏழாம் வகுப்பில் அல்சூர் பள்ளிக்கூடத்தில்
என் பெயரே அதுதான்.
குச்சிக் கை, குச்சிக் கால், முகமெல்லாம் கண்.
"ஏ தேவாங்கு, பந்தை எடுத்துப் போடு!"
கத்தினவன் எவனும் அதைப் பார்த்ததில்லை.
நானும்தான்.

போன செவ்வாய் இரவு பார்த்தேன்.
மல்லேசுவரத்துக்கு அப்பால், கல்லூரி வளாகத்து மூங்கில்.
டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி
காவலாளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து
கொசுவுக்கு ரத்தம் கொடுத்து
இரண்டு மணி நேரம்.
பிறகு, மேலே, இரண்டு கங்கு.

ஒரு கையை வைத்தது.
யோசித்தது.
அடுத்த கை.
நான் இருமினேன்; அது
கிளையின் ஒரு கணுவாகிவிட்டது.

அது குதிக்காது, சார்.
கிளை முடியும் இடத்தில் உடம்பை நீட்டிப் பார்க்கும்.
எட்டவில்லையென்றால் திரும்பிப் போகும்.
சாலையை அகலப்படுத்திய ஊரில்
எத்தனை தடவை திரும்பியிருக்கும்?

அதனால் நம் ஆள் பறக்க வேண்டாம்.
மரத்துக்கு மரம் தொங்குகிறதே இன்டர்நெட் கேபிள்,
கறுப்புக் கொடியாக, யாருடையது என்றே தெரியாமல்,
அதுதான் அவன் பாதை.
கையுறை கொடுங்கள்:
தூங்கினாலும் பிடி தளராத கையுறை.
(உடும்புப்பிடி என்று எழுதாதீர்கள்,
உடும்புக்கு வேறு படம் எடுக்கலாம்.)
வெளிச்சம் அடிக்கிற கண்ணாடி வேண்டாம்,
இருக்கும் துளி வெளிச்சத்தைக் குடிக்கிற கண்ணாடி.
இடுப்பில் ஒரு சிறு குப்பி,
ஏறும் முன் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ள.
அசல் தேவாங்கு எதைத் தேய்க்கும் என்று
விளம்பரத்தில் சொல்ல வேண்டாம்.

பெள்ளியப்பா சிரிக்கவில்லை.
முதல் இடிக்குரலை உள்ளே அழைத்தார்.
"தீயவனே, நில்!"
கண்ணாடி அதிர்ந்தது.
திரையில் தேவாங்கு
அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பையனாக நின்றது.
இரண்டாமவர். மூன்றாமவர்.
நான்காமவர் வாயைத் திறக்கையில்
கரண்ட் போனது.

புகார் எண்ணுக்கு நான்தான் அடித்தேன்.
ஸ்பீக்கரில் ஒரு குரல்.
ஒல்லியாய், நீளமாய், அவசரமில்லாமல்,
ஓட்டைக் குழலில் ஊதினாற்போல்.
கன்னடத்தில் தொடங்கி
என் கன்னடத்தில் அல்சூரைக் கேட்டதும் தமிழுக்கு மாறியது.
"எந்த ரோடு சார்? மரம் விழுந்திருக்கா?
கம்பி கீழே கிடந்தா யாரையும் தொட விடாதீங்க.
லைன்லயே இருங்க. நான் இருக்கேன்."

இருட்டில் யாரும் பேசவில்லை.
அந்தக் குரல் எந்த மூலையிலிருந்து வருகிறதென்று
சொல்ல முடியவில்லை.
இடிக்குரல்காரர்கள்கூட வெந்நீரைக் கீழே வைத்தார்கள்.

"பேர் கேளு" என்றார் பெள்ளியப்பா, மெல்ல.
எஸ்தர் பொன்மணி. இரவுப் பணி, ஒன்பது வருஷம்.
"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."
"எதை சார்?"
"கடைசியாச் சொன்னது."
கொஞ்சம் மௌனம்.
நாற்பது வீட்டில் இருட்டு, அவளுக்கு வேலை இருந்தது.
"சொன்னேனே சார். லைன்லயே இருங்க."

விளக்கு வந்தபோது
படத்திலிருந்து லேசர் வாளை அவரே அடித்தார்.
சிங்க மார்பையும்.
ராக்கெட்டில் பேனா நின்றது.
ஒன்றாவது இருக்கட்டும் என்கிறார்,
பொம்மை விற்க வேண்டுமாம்.

சரி, ஒன்று.
ஆனால் கிளம்பும்போது
சத்தம் வரக்கூடாது.