முதல் நாள் வெறும் தண்ணீர்

மூன்று கிழமையாய் ஃபிரிட்ஜின் மேல்
பெட்டியோடு இருந்தது,
கெய்சர் வீதியில் பேரம் பேசி வாங்கிய
ஐந்து லீட்டர்க் குக்கர்.
காஸ் விலை ஏறிய மாதமே
சோத்துப் பார்சலும் ஏறியதால்
வேறு வழி தெரியவில்லை.

எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது.
யாரோ ஒருத்தியின் குக்கர்,
கூரையில் போய்ப் பதிந்த மூடி,
பெயின்ட் அடித்தும் போகாத பருப்பு மஞ்சள்.
தெஹிவளையில் என்பார்கள்.
இல்லை, வத்தளையில் என்பாள்
கந்தோரில் சுலக்சனா.
அந்தக் கூரையை நேரில் கண்டவர் யாருமில்லை.

ஞாயிறு மத்தியானம் கையேட்டைப் பிரித்தேன்.
"முதல் தடவை
வெறும் தண்ணீரை மட்டும் கொதிக்க வைக்கவும்."
நாற்பத்திரண்டு வயதுக்குள்
இவ்வளவு குறைவாய் யாரும்
என்னிடம் கேட்டதில்லை.
இரண்டு கப். உப்புக்கூட இல்லை.

விசில் வரவில்லை.
மூடியின் ஓரமெல்லாம் சீறி
சுவர்க் கலண்டரின் பாதி மாதத்தை நனைத்தது.
குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி
தும்புத்தடியால்
அடுப்பின் திருகை அணைக்கப் பார்த்தேன்.
மேல்மாடி நில்மினி ஓடி வந்தாள்.
"காஸ் லீக்த?"
இல்லை, தண்ணீர் சமைக்கிறேன் என்றேன்
என் உடைந்த சிங்களத்தில்.
அவள் சிரிக்கவில்லை.
பெட்டியைக் கவிழ்த்து உதறினாள்.
பொலித்தீனோடு விழுந்தது
கறுப்பு வாஷர்.

திங்கள் இரவு, ஊறிய கௌபி.
பாதிக்கு மேல் நிரப்பவில்லை.
நாலு விசில் என்று விரலை மடக்கிக்கொண்டு நின்றேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது வரும் நேரம் பார்த்து
வெள்ளவத்தைக் கடலோரம்
மருதானை ரயில்
அதே சுருதியில் கூவிக்கொண்டு போனது.
இப்போது கேட்டது யாருடையது,
அடுப்பா, எஞ்சினா?
பிறகு வந்தவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

அணைத்தேன்.
வெயிட்டைத் தூக்காதே, தானாய் அடங்கட்டும்
என்றிருந்தது.
தேங்காய் துருவினேன்.
உடுப்பு மடித்தேன்.
மூன்று மாதமாய் மொன்றியலில் தம்பி காத்திருக்கும் பதிலை
போனில் தட்டினேன்,
அனுப்பாமல் வைத்தேன்.
இன்னும் உள்ளே ஏதோ
மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

திறந்தபோது கௌபி இல்லை, களி.
கட்டைச் சம்பலோடு ஒரு கோப்பையில்
மேலே கொண்டு போனேன்.
கரண்டியால் கிளறிப் பார்த்து
எத்தனை விசில் என்று கேட்டாள் நில்மினி.
ரயிலோடு சேர்த்தா,
சேர்க்காமலா?