முடுக்கத் தேடல்

மராட்டியத்துத் திராட்சை வயல்களுக்கு நடுவே
முப்பது கிண்ணங்கள் அண்ணாந்து கேட்டதை
ஒரு வட்டில் அடைத்து
மஞ்சக்குப்பத்துக்குக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள்.
பொட்டலத்தின் மேல் ‘திரு. கயற்கண்ணி’.

முதலில் அகப்பட்டது ஐம்பது ஹெர்ட்ஸ்.
அது வானம் இல்லை, மின்வாரியம்.
அடுத்தது ஏதோ ராடார்.
டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

செத்த விண்மீனின் கரு.
கடலூரில் பஸ் ஏறிப் பாண்டியில் இறங்கும் தூரம்தான்
அதன் அகலம்;
எடை சூரியனைவிடக் கூட.
நொடிக்கு இருநூற்று நாற்பத்து நான்கு சுற்று.

தனியாய்ச் சுற்றுவதைப் பிடித்துவிடலாம்.
பதிவை அதன் தாளத்துக்கு மடித்து மடித்து அடுக்கினால்
இரைச்சல் தன்னைத்தானே தின்றுவிடும்,
துடிப்பு மேடாகும்.
துணை இருந்தால்தான் வம்பு.
நம் பக்கம் வரும்போது துடிப்பு முந்தும்,
விலகும்போது பிந்தும்,
மடிப்புக் கலையும்.
ஆகவே, எவ்வளவு இழுக்கப்படுகிறது என்று
ஊகித்து
நேரத்தையே நீட்டிச் சுருக்கி
மறுபடி மடிக்க வேண்டும்.
நூறு ஊகம். இருநூறு.

தணிகைவேலுக்கு இந்த வாரம் சி ஷிப்ட்.
அவர் வரும்போது எனக்குத் தூக்கம்,
நான் எழும்போது அவருக்கு.
ஐந்து நாளாய் விழித்த முகம் பார்க்கவில்லை.
கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ்,
சிப்காட் வாடையோடு கொடியில் ஒரு சட்டை,
பாதி குறைந்த மோர்.
இவற்றை வைத்தே அவர் எடையைச்
சொல்லிவிடலாம் போலிருந்தது.

மூன்று பத்துக்கு,
முன்னூற்றுப் பதினேழாவது ஊகத்தில்,
கோடு நிமிர்ந்தது.
தாழ்ந்த அலைகள் பிந்தி வந்திருந்தன,
வெகுதூரம் எலெக்ட்ரான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவை போல.
எந்த மின்வாரியத்துக்கும் அந்தக் களைப்பு வராது.

ஓய்ந்து கிடந்ததைத்
தன் பொருளைக் கொட்டிக் கொட்டி
இந்த வேகத்துக்குச் சுழற்றியது துணைதான்.
இப்போது வெளுத்து ஒடுங்கி,
எந்தப் படத்திலும் விழாமல்,
ஒன்பது மணி நேரத்துக்கொரு முறை சுற்றி வருகிறது.
இதுவும் ஊகம்தான்.
இன்னொரு வட்டு வேண்டும் என்று
புனேக்கு எழுதினேன்.

படுக்கவில்லை.
ஏழரைக்குக் கம்பெனி பஸ் அவரை இறக்கிவிட்டு
முனை திரும்பிப் போகையில்
ஹாரன் அரைச் சுருதி இறங்கியது.

“தூங்கலையா?”

“துணை இருக்கு” என்றேன்.

“யாருக்கு?” என்றார்,
ஷூவைக் கழற்றிக்கொண்டே.