பொய்ச்சத்தியம், பதினாறு பார்

ஜனவரி. ஹாவா எலிய.
தகரக் கூரையில் உறைபனி வெள்ளை.
ஐந்து நாற்பதுக்கு மண்டபத்தைத் திறக்கிறேன்,
சாவி விரலில் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு டியூபா.
ஒன்று பொலிஸ் பாண்டில் இரவல் வாங்கியது:
அகன்ற வாய், ஐந்து வால்வு, விளக்கிய அண்டாவின் மினுக்கம்.
மற்றதைத் துரைமார் கிளப் ஏலத்தில்
உடைந்த குடைத்தாங்கி ஒன்றோடு சேர்த்து
என் தலையில் கட்டினார்கள்.
ஒல்லிக் குழல், மூன்று வால்வு, தொண்டையில் ஒரு நசுங்கல்.

பழையதன் சுருதி
நம்முடையதைவிடக் கால் தொனி உயரம்.
எந்தப் பியானோவோடும் சேராது.
இந்தக் குளிரில் மட்டும்
உள்ளே காற்று விறைத்து, சுருதி இறங்கி
இந்துனிலின் பியானோவுக்கு நேரே வந்து நிற்கும்,
ஒரு ஆறு நிமிடம்.
அதற்குள் ஊதி முடிக்க வேண்டும்.
ஊத ஊத என் மூச்சுச் சூடே
அதை மறுபடி மேலே தூக்கிவிடும்.

புதியதுக்கு நேர் எதிர்க் குணம்.
போர்வை சுற்றி, மடியில் கிடத்தி,
இருபது நிமிடம் வெறும் மூச்சை ஊட்டினால்தான்
சுருதிக்கு ஏறி வரும்.
இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருந்ததே இல்லை.

நான் பழகுவது ஒபேராவின் இரண்டாம் அங்கம்.
தம்பியின் கல்லறையில் கைவைத்து
கோமான் பொய்ச்சத்தியம் செய்கிறான்.
அவன் குரலுக்கடியில் பதினாறு பார்,
டியூபாவும் கொஞ்சம் பியானோவும்.

புதியதில் தாழ்ந்த எஃப்
சோபாவில் சாய்வதுபோல் வந்து அமரும்.
பழையதில் ஒன்பதாம் பார் கிழியும்.
எத்தனை நாள் ஊதினாலும் அங்கேதான் கிழியும்,
எச்சிலும் கரகரப்புமாய்.

கரட் கழுவப் போகிற தவமலர்
இன்றைக்கு ஜன்னலோரம் நின்றுவிட்டாள்.
கதையை நான் அவளுக்குச் சொன்னதில்லை.
பழையது முடிந்ததும் கேட்டாள்:
"யாரு மிஸ் அந்தாளு? பொய் சொல்றான்."

கை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.
போர்வையை விலக்கி மற்றதை எடுத்தேன்.
பதினாறு பாரையும் கேட்டாள்,
பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டியபடி.
"இவனும் பொய்தான் சொல்றான் மிஸ்.
ஆனா இவன் படிச்சவன்."

இந்துனிலுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
நான் தாளைப் பார்த்தேன்.
கோமான் எவ்வளவு படித்தவன் என்று
அதில் எங்கும் எழுதியில்லை.

கச்சேரி சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.
வெயில் அடிக்கும்.
விடியற்காலைக்கு மாற்றினால் என்ன என்றேன்.
"யார் வருவார்கள்?" என்றான்.

தவமலருக்கு வேலை ஆறரைக்குத்தான்.

நீர்ச்சாவியைத் திறந்தேன்.
பழையதிலிருந்து அரைக் கோப்பை மூச்சு
சீமெந்துத் தரையில் விழுந்து
சற்று நேரம் ஆவி பறந்தது.