நள்ளிரவில் வெட்டுங்கள்

அவர்கள் கணக்கில் வாரம்
ஞாயிறு தொடங்கிச் சனியோடு முடிகிறது.
என் வாரத்துக்கு அந்த ஒழுங்கு இல்லை.
சனி இரவு பத்துக்கு பேக்கரிக்குள் நுழைந்தால்
மாவு படிந்த ஷூவோடு வெளியே வரும்போது
ஞாயிறு காலை ஆறு.
ஈரி ஏரி ஊதி அனுப்பிய பனி
கார்க் கண்ணாடியில் ஒரு சாண் நிற்கும்.

நவம்பரில் பிளாஸ்டிக் ஆலையை மூடினார்கள்.
பதினேழு வருடம் அங்கே
மருந்துப் புட்டிகளுக்கு மூடி வார்த்தேன்,
குழந்தைகளால் திறக்க முடியாத மூடி.
இந்தப் படிவமும் அதே அச்சில் வார்த்ததுதான்:
முதலில் அழுத்த வேண்டும், பிறகு திருக வேண்டும்,
மாற்றிச் செய்தால்
சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த வாரம் வேலை செய்தீர்களா?
ஆம்.
வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா?
ஆம். வலது முழங்காலைத் தனியாகக் கேட்காதவரை.
வந்த வேலை எதையாவது மறுத்தீர்களா?
வந்தால்தானே மறுக்க.
மொத்த ஊதியம் எவ்வளவு?

டுவைன் கோபெக் விழுந்தது இந்த இடத்தில்தான்.
பக்கத்து இயந்திரத்தில் நின்றவன், பொய் சொல்ல வராது.
கூரை வேலைக்குப் போனபோது
வங்கிக்கு வந்த தொகையை அப்படியே எழுதினான்,
வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமையின் வாரத்தில்.
அவர்கள் கேட்டது பிடித்தம் போக மிஞ்சியதை அல்ல,
பிடிப்பதற்கு முன்னால் இருந்ததை.
கைக்கு வந்த வாரத்தை அல்ல,
கை நொந்த வாரத்தை.
பிப்ரவரியில் கடிதம்:
அறுநூற்றுப் பதினொரு டாலரைத் திருப்பிக் கட்டவும்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறான் அதை,
மகள் வரைந்த குதிரைக்குப் பக்கத்தில்.

ஆகவே நான் போன் செய்தேன்.
ஒரு மணி நாற்பது நிமிடம் புல்லாங்குழல்.
துணி துவைத்து முடித்தேன், மடித்து முடித்தேன்,
கழிவறைக்கும் அதைக் கையில் பிடித்தபடியே போனேன்.
திடீரென்று ஒரு மனுஷி.
ஒடெட் என்றாள். தொண்டை கட்டியிருந்தது.

சனிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே கிடக்கிற இரவை
நான் எந்த வாரத்தில் எழுத?

தட்டச்சுச் சத்தம் நின்றது.
"நள்ளிரவில் வெட்டுங்கள்.
இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம், ஆறு இந்தப் பக்கம்."
டிப்ஸ் ஜாடியில் என் பங்கு ஒன்பது டாலர்?
"அதுவும் உண்டு."
விற்காத ரொட்டி ஒரு பை?
சிரித்தாளா இருமினாளா, தெரியவில்லை.
"ரொட்டியைச் சாப்பிடுங்கள்."

வைத்த பிறகு நோட்டில் போட்டுப் பார்த்தேன்.
போன சனியின் ஆறு, இந்தச் சனியின் இரண்டு,
கூட்டினால் அதே எட்டு.
முதல் வாரத்தில் மட்டும்தான் பிழை:
இரண்டு எழுத வேண்டிய இடத்தில் எட்டு.
நான் ஏமாற்றியிருந்தது என்னைத்தான்.
அதைத் திருத்தவும் ஒரு படிவம் இருக்கிறதாம்,
அதற்கும் ஒரு புல்லாங்குழல் இருக்கும்.

வியாழக்கிழமை முதலாளி ஃபெலிசா கேட்டாள்,
செவ்வாய் இரவும் வருகிறாயா, ரெனாட்டா?
மாவுப் பையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
சம்பாதிப்பது நூற்றிருபது,
உதவித்தொகையில் குறைவது தொண்ணூற்றெட்டு,
பெட்ரோல் ஏழு.
ஒரு முழு இரவுக்குப் பதினைந்து டாலர்.
வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தபோது
அந்த மூன்றாவது கேள்வி
அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
வருகிறேன் என்றேன்.

நேற்று இரவு பன்னிரண்டு அடித்தபோது
முழங்கைவரை மாவுக்குள் இருந்தேன்.
நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்,
யாரோ கத்தியோடு வரப்போவதுபோல.
மாவு பாதி உப்பியிருந்தது,
எந்த வாரத்தில் உப்புகிறோம் என்று அதற்குத் தெரியாது.
நான் பிசைவதை நிறுத்தவில்லை.

இப்போது ஞாயிறு மதியம்.
மேலே கூறியவை உண்மை என்ற கட்டம்.
அழுத்தினேன்.
சுற்றியது, சுற்றியது,
பிறகு ஓர் எண்ணைக் கொடுத்தது.
நோட்டில் எழுதி வைத்தேன்,
ஒன்றா ஏழா என்று சந்தேகம் வராதபடி
ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு.