இரண்டு கஸ்கட்

ஓமந்தையில் மாடு குறுக்கே வந்து
கவிழ்ந்துபோன டொல்பின் வானின் டேர்போ அது.
பெரிய ஊமச்சி மாதிரி இருந்தது.
சீனிச் சாக்கில் சுற்றி
பரந்தனுக்கு, என் லேத் பட்டறைக்கு,
கொண்டுவந்தான் கோகுலரஞ்சன்.
"அக்கா, இதை மொரிஸுக்குப் பூட்டித் தாங்கோ."

மொரிஸ் ஒக்ஸ்போர்ட். என்னைவிட இருபது வயது மூத்தது.
முறிகண்டியில் கும்பிட்டுவிட்டு எடுத்தால்
மாங்குளம் வரைக்கும் நாலாம் கியருக்குச் சம்மதிக்காது.

சொல்லிப் பார்த்தேன்.
இது அதற்கென்று வார்த்த எஞ்சின் இல்லை தம்பி,
உள்ளே ஏற்கெனவே நெருக்கம்,
அதற்குள் இன்னும் காற்றைத் திணித்தால்
பெற்றோல் தன் முறை வருமுன்னமே வெடிக்கும்,
பிஸ்டன் ஓட்டையாகும், காசும் போகும்.

"போனால் போகட்டும்" என்றான்.
அந்தச் சொல்லை இங்கே இவ்வளவு லேசாகச் சொல்ல
இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும்.

திறந்தோம்.
ஒவ்வொரு நட்டும் ஒரு வசவு கேட்டபிறகே கழன்றது.
தலையைத் தூக்கினால்
ஒன்றன்மேல் ஒன்றாய்
இரண்டு செம்புக் கஸ்கட்.

அவனுக்கு விளங்கவில்லை.
மண்ணெண்ணெய், என்றேன்.

பெற்றோல் வராத வருடங்கள்.
காபரேற்றர் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு
எழுப்பி,
பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி,
ஊரெல்லாம் குப்பிவிளக்கு மணக்க ஓடின கார்கள்.
மண்ணெண்ணெய்க்கு நெருக்கம் ஆகாது. டக்கு டக்கென்று தட்டும்.
அதனால் யாரோ
ஐந்து ரூபாக் குற்றியளவு தடிப்புக்குத் தலையை உயர்த்தி
உள்ளே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்.

டேர்போவுக்கும் அதே இடம்தான் வேண்டும்.
இல்லாததுக்காகச் செய்தது
மிஞ்சினதுக்கும் அளவாயிருக்கிறது.

துடைத்தபோது புளொக்கின் பக்கத்தில்
ஆணியால் கீறின எழுத்து:
குறுக்கால குறுக்கால இறுக்கு.

"ஆற்ற கை?" என்றான்.
கார்ப் புத்தகத்தில் அவன் மாமாவுக்கு முன்னால் இரண்டு பேர்.
ஒருவர் கனடாவில்.
மற்றவர் கிளிநொச்சிக் கொட்டகையில்,
படமாக,
மேல்வரிசையில், வெயில் பட்டு வெளிறி.
அவரா இவரா என்று எனக்குத் தெரியாது.
குறுக்கால குறுக்காலதான் இறுக்கினேன்.

பிறகு நாலு கிழமை வேலை.
மனிபோல்டுக்கு அரை அங்குலத் தகட்டில் விளிம்பு கடைந்தேன்.
ஒயில் திரும்பிவர சம்பில் துளை போட்டேன்;
அந்தக் குழாய்க்கு இறக்கம் வேண்டும்,
இரணைமடுத் தண்ணியில் விதைக்கிறவனுக்கு
அதைச் சொல்லத் தேவையில்லை.
அமுக்கம் பார்க்க மானி கிடைக்கவில்லை.
மூடிப்போன டிஸ்பென்சரியொன்றின் பிரஷர் மானியைப்
பஞ்சு பிதுங்கின டாஷ்போர்டில் பூட்டினோம்.
இருநூற்றைம்பதுக்கு மேல் விடாதே, என்றேன்.

தர்மபுரம் தாண்ட முள் எழும்பியது.
எண்பது. நூறு.
நூற்றிருபது, நல்ல சுகதேகி.
நூற்றெழுபதில் பொனற்றுக்குள் ஒரு விசில்,
முதலில் மெல்ல, பிறகு ஊருக்கே கேட்க,
சீற் என் முதுகைத் தள்ளியது.
அறுபது வருடத்தில் ஒருவரும் கேட்காத ஒன்றை
அந்தக் கிழட்டு இரும்பு செய்தது.
முன்னால் போன முல்லைத்தீவு பஸ்
பக்கவாட்டில் வந்தது, பின்னால் போனது.
கோகுலரஞ்சன் கத்தினான். நானும் கத்தினேன்.

விசுவமடுவுக்கு இந்தப் பக்கம்
அரை வீதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள்.

ஓடுவதற்கு எல்லாம் பூட்டினோம்.
நிற்பதற்கு ஒன்றும் பூட்டவில்லை.

பழைய பிரேக் தன்னாலானதைச் செய்தது.
மிச்சத்தை நெல் செய்தது.
பலகையால் கிளறிக்கொண்டு நின்ற மனிசி
பலகையோடு வந்தாள்.

அவன் சாவிக்குக் கையை நீட்டினான்.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
இப்ப நிப்பாட்டாதே.
உள்ளே சில்லு இன்னும் சுழலுது,
ஒயில் நின்றால் கருகிப் பிடித்துவிடும்.
ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். சூடு இறங்கட்டும்.

இறங்கி, இரண்டு பேரும் குந்தியிருந்து
ரயர் கிழித்த நெல்லைக் கையால் அணைத்தோம்.
மொரிஸ் பக்கத்தில் நின்று
முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சனியனை நிப்பாட்டுங்கோவன்" என்றாள் மனிசி.

இன்னும் இருபது கிடக்கு அக்கா, என்றேன்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.