சட்டைப்பைக் கணக்கு

ஆரம்பாக்கம் தாண்டினால் பலகையில் எழுத்து மாறும்.
தண்ணீர் மாறாது, இருபுறமும் உப்பு.
சோப்பு நுரைக்காத இந்த எல்லையில்
கம்பெனிச் சலவையைக் காண்டிராக்ட் எடுத்தவள் நான், மஸ்தானம்மா.

நாளைக்கு அறுநூறு உருப்படி.
நீலம் பிரஸ் ஷாப். சாம்பல் பெயின்ட் ஷாப்.
வெள்ளை, குறை கண்டுபிடிக்கிறவர்களுக்கு.
வெள்ளைதான் சீக்கிரம் கிழிகிறது,
ஏனென்று இன்னும் பிடிபடவில்லை.

மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பையையும்
உள்வெளியாகத் திருப்ப வேண்டும்.
ஒருமுறை ஒரே ஒரு போல்ட்,
கண்ணாடிக் கதவு போயிற்று. பதினோராயிரம்.
அதிலிருந்து என் விரல்கள்
நான் சொல்லாமலே நுழைகின்றன:

காதடைக்கும் ஆரஞ்சுப் பஞ்சு,
சூளூர்பேட்டை ஸ்கேன் சென்டர் டோக்கன்,
பாதி தின்ற கடலை மிட்டாய்,
குடை பிடித்தாற்போல் வளைந்த எழுத்தில்
நான்காய் மடித்த ஒரு தாள்.
அதைத் தேடி நிரஞ்சன் பேஹெரா
ஷிப்ட் முடிந்த கையோடு ஓடி வந்தான்.
என்னவென்று நான் கேட்கவில்லை.
படித்துவிட்டீர்களா என்று அவன் கேட்டான்.
எனக்குத் தெலுங்கும் தமிழும்தானப்பா என்றேன்.
சிரித்துவிட்டு, எண்ணிப் பார்ப்பதுபோல்
அதை மறுபடி நான்காய் மடித்தான்.

'வாகன உற்பத்தி உயர்வு' என்று
பெஞ்சலய்யா பேப்பரை உரக்கப் படிப்பான்.
எனக்கு அது ஆவணியிலேயே தெரியும்.
பைக்கு இரண்டாய் மஞ்சள் ஓவர்டைம் சீட்டு,
கழுத்துப் பட்டையில் உப்பு வரி,
மூன்று அலசலுக்கும் அசையாத கிரீஸ்.
கார்த்திகையில் நீலச் சட்டைகள்
போட்ட மடிப்பு கலையாமல் திரும்பி வந்தன.
அன்றைக்கே சொன்னேன், லைன் நிற்கப்போகிறது.
நின்றது. பதினேழு நாள்.
அழுக்குதான் ஐயா எங்கள் ஆர்டர்.

நெடுஞ்சாலையில் இரண்டு ஏடிஎம் வந்தது,
மீன் சாப்பாட்டுக் கடை ஐந்து,
பெண்கள் ஹாஸ்டலுக்குக் கண்ணாடி பதித்த மதில்.
நகைக்கடன் கடையும் மூன்று வந்தது.
பணம் புழங்கும் ஊரில் ஏன் சார்
இத்தனை பேர் நகை வைக்கிறார்கள் என்றேன்.
பணம் புழங்குவதால்தான் அம்மா என்றார் மேனேஜர்,
முன்பணம் கட்ட வேண்டாமா?

நானும் வைத்தேன். நாலரை சவரன்.
நாற்பத்தெட்டுத் தவணையில் ஒரு குட்டி லோடு வண்டி.
எலுமிச்சம்பழம் நசுக்கி,
ஷோரூம் பையன் கதவைத் திறந்துவிட்டு
மூச்சை இழுத்துக் காட்டினான்:
புது வண்டி வாசம், மேடம், இதுக்கே சிலர் வாங்குவாங்க.
இழுத்தேன்.
செவ்வாய்க்கிழமை மூட்டை அவிழ்த்தால் எழும்
சாம்பல் சட்டைகளின் வாசம்.
ஆறு வருஷமாய் நான் அலசிப் போக்கியது
இங்கே விலையோடு சேர்த்து விற்கிறது.

மூன்றாம் மாதம் இடதுபுறக் கதவு கடகடத்தது.
உள்ளே ஒரு கிளிப் விழுந்துவிட்டது அக்கா,
அந்தப் பக்கம்தான் ஆர்டர் போடணும் என்றான் மெக்கானிக்.
எந்தப் பக்கம் என்று கேட்காமல் வீட்டுக்கு வந்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய,
யாரும் கேட்டு வராத கறுப்பு கிளிப்புகள்.
கொண்டுபோய்க் கொட்டினேன் பெஞ்சின்மேல்.

ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தான்.
நாற்பது இருக்கும். ஒன்றும் பொருந்தவில்லை.
இதெல்லாம் கப்பலேறும் மாடலுக்கு, அக்கா,
இந்த ரோட்டில் லாரிமேல் போகும், ஓடாது.

ஒட்டுத்துணியை மடித்துச் செருகினேன், நீலத் துணி.
சத்தம் கொஞ்சம் அடங்கியது.
ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் கேட்கும்.
பின்னால் அறுநூறு சட்டை, வெறும் பைகளோடு.
நாளைக் காலை ஆறுக்குள் கேட்டில் இறக்க வேண்டும்.